பனிக்கடலின் பயிர்

பினாங்குச் சந்தையில் பெலாச்சான் வாங்குவோர் பலர். அது சென்னாக்கூனியை இடித்துச் செய்வது என்பதை அறிந்தோரும் பலர். அக்கூனிக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்போரோ மிகச் சிலர். கேட்டுக்கொண்டே சென்றால், விடை கடல்நீரில் மிதக்கும் நுண்பாசியில் போய் முடியும். நிலத்திற்குப் புல் எவ்வாறோ, கடலுக்கு நுண்பாசி அவ்வாறு.

இவ்வுண்மையைத் தென்துருவக் கடலிலே கண்டு உரைத்தவர் ஜோசப் ஹூக்கர். 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் சென்ற எரபஸ் கப்பலில் அவர் உதவி மருத்துவர். பனிக்கட்டியில் பழுப்பாகப் படிந்திருந்த டயட்டம் என்னும் நுண்பாசியை அவர் திரட்டினார். ஜெர்மானிய அறிஞர் எரன்பர்க் அவ்வினத்தை விலங்கு என்றே எண்ணியிருந்தார். பெரியவர் சொன்னார் என்பதற்காக ஹூக்கர் அதை ஏற்றாரில்லை; அது தாவரமே, அக்கடலுயிர்களுக்கெல்லாம் உணவு மூலமே என்று நிறுவினார்.

அப்பயிர் இன்று மாறி வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் புவி சூடேற, பனி உருகுகிறது. அன்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கடலில் முப்பது ஆண்டுகளில் பாசியின் பச்சையம் 12 விழுக்காடு குறைந்தது என 2009இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வடபகுதியில் பனி குன்றவே, காற்று நீரை ஆழக் கலக்கியது. பாசி ஒளியிழந்து நலிந்தது. தென்பகுதியிலோ பனி விலகி ஒளி புகுந்தது, பாசி பெருகியது.

வடதுருவக் கடலிலோ 1998க்கும் 2018க்கும் இடையில் பாசியின் விளைவு 57 விழுக்காடு உயர்ந்ததெனக் கணித்துள்ளனர். "நல்லதுதானே?" என்பர் சிலர். ரப்பர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். பாலின் நிறையை எழுதியதோடு நாம் விடுவதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் சோதிக்கிறோம். தண்ணீர் கலந்த பால் நிறை காட்டும், ரப்பர் காட்டாது.

கடற்கணக்கும் அத்தகையதே. உருகிய பனிநீர் மேலே பரவும் இடங்களில் பருத்த டயட்டம் குறைந்து, மிகச் சிறு பாசிகள் மிகுவதை இரு துருவங்களிலும் கண்டுள்ளனர். தென்கடலின் கூனியாகிய கிரில், அச்சிறு பாசியை நன்கு வடித்து உண்ண இயலாது. கிரில் குன்றினால் பென்குயினும் திமிங்கிலமும் வாடும்.

அன்டார்க்டிக் உடன்படிக்கையில் மலேசியா 2011இல் சேர்ந்தது. ஆகவே இது பிறர் வீட்டுக் கணக்கன்று. விளைவு பெருகியதென்று மகிழுமுன், விளைந்தது எது, அதை உண்ண வல்லவர் யார் என்று கேட்போமாக.