பெபன்ஹவுசன்

ஜெர்மனியின் தென்மேற்கில், டூபிங்கன் நகருக்கு வடக்கே சுமார் 5 கி.மீ. தொலைவில் ஷோன்புக் காட்டை ஒட்டியுள்ள சிற்றூர். 1974 முதல் டூபிங்கன் நகராட்சியைச் சேர்ந்தது. முன்னாள் சிஸ்டர்சியன் துறவற மடத்தின் மதிலுக்கு உள்ளும் புறமுமாக அமைந்த இவ்வூரின் வரலாறு, அந்த மடத்துக்கு அடுத்தடுத்து வந்து சேர்ந்தவர்களின் வரலாறே.

டூபிங்கன் கோமகன் முதலாம் ருடால்ஃப் 1180களில் மடத்தை நிறுவினார். முதலில் வந்தவர்கள் பிரமான்ஸ்ட்ரடென்சியன் துறவிகள். அவர்கள் சில ஆண்டுகளில் விலகிவிட, 1190 வாக்கில் ஷோனாவ் மடத்திலிருந்து சிஸ்டர்சியன்கள் குடியேறினர்.

பார்க்க வேண்டியவற்றுள் முதலிடம் கோயில் கூரையின் மேலுள்ள சிறு கோபுரத்துக்கே. பெரிய மணிக்கூண்டு கட்ட சிஸ்டர்சியன் விதிகள் இடம் தரவில்லை. கூரைமேல் சிறிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். 1407–1409இல் சேலம் மடத்துச் சகோதரர் கியோர்க் இதைக் கல்லில், ஊடே வானம் தெரியும்படி சல்லடையாகச் செதுக்கி எழுப்பினார். விதியும் மீறப்படவில்லை, ஆடம்பரத்துக்கும் குறைவில்லை!

16ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் மடத்தை மூடியது. கோயில் நடுக்கூடத்தின் பெரும்பகுதியை இடித்து, கற்களை டூபிங்கன் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மற்றக் கட்டடங்களைக் காப்பாற்றியது 1556இல் தொடங்கிய புராட்டஸ்டண்ட் பள்ளி. தத்துவஞானி ஷெல்லிங்கின் தந்தை இங்கே ஆசிரியர். மகனும் இங்கே படித்தவர். 1807இல் பள்ளி மூடப்பட்டபின் வூர்ட்டம்பெர்க் மன்னர்கள் மடத்தின் ஒரு பகுதியை வேட்டை மாளிகையாக்கினர்.

வூர்ட்டம்பெர்க்கின் கடைசி மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம் 1918 நவம்பர் புரட்சியின்போது தலைநகர் ஷ்டுட்கார்ட்டைவிட்டு வந்து தங்கியதும் இங்கேதான். தலைநகரத்தார் தம்மைக் கைவிட்டார்கள் என்ற மனத்தாங்கல் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. 1921இல் இறந்தபோது அவரது இறுதி ஊர்வலம் ஷ்டுட்கார்ட்டைச் சுற்றிக்கொண்டே லுட்விக்ஸ்புர்க் சென்றது. அவர் விருப்பம் அது. அரசி ஷார்லட் 1946இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அதே ஆண்டு, பிரெஞ்சு ஆக்கிரமிப்புப் பகுதியிலிருந்த வூர்ட்டம்பெர்க்-ஹோஹென்சோலர்ன் மாநிலத்தின் பிரதிநிதிகள் மடத்தில் கூடத் தொடங்கினர். 1952 வரை அம்மாநிலச் சட்டமன்றம் இங்கேயே நடந்தது.

மடத்தைப் பார்வையாளர்கள் தாங்களாகவே சுற்றிப் பார்க்கலாம். 1915ஆம் ஆண்டுச் சமையலறை உள்ளிட்ட மாளிகைப் பகுதிக்கு வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும். கோயிலில் புராட்டஸ்டண்ட் வழிபாடு இன்றும் நடக்கிறது.