கடல்சார் காப்பீடு

கடற்பயணத்தில் கப்பலுக்கும் சரக்குக்கும் நேரும் இழப்பை ஈடுசெய்வதாக, பிரீமியம் பெற்றுக்கொண்டு காப்பீட்டாளர் செய்துதரும் ஒப்பந்தம். இந்தியாவில் இதை 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு முன்மாதிரி. கப்பல், சரக்கு, சரக்குக் கட்டணம், பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்பு ஆகியவற்றுக்குக் காப்பீடு பெறலாம்.

சரக்குப் பாலிசிகளில் ஏ, பி, சி என மூன்று நிபந்தனைத் தொகுப்புகள் வழங்குகின்றன. ‘ஏ’, விலக்கப்பட்டவை நீங்கலாக எல்லாச் சேதங்களையும் ஏற்கும். ‘சி’, தீ, தரைதட்டல், மூழ்குதல், மோதல் போன்ற பெருவிபத்துகளோடு நின்றுவிடும். கலத்துக்குள் கடல்நீர் புகுந்து சரக்கு நனைந்தால் ‘பி’ அல்லது ‘ஏ’ இருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும்; தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவு செல்லும் தோணிச் சரக்குக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. பொது ஆபத்திலிருந்து கலத்தைக் காக்கச் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தால், அவ்விழப்பைக் கல உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்களும் காக்கப்பட்ட மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்வர். சரக்குக்காரரின் பங்கை மூன்று தொகுப்புகளுமே ஏற்கும்.

தாமதம், காய்கறி தன்னியல்பால் அழுகுதல், பழுதான சிப்பமிடல், காப்பீடு பெற்றவர் வேண்டுமென்றே செய்த தவறு ஆகியவை விலக்கு. போர் அபாயத்துக்குத் தனி நிபந்தனை சேர்க்க வேண்டும். இழப்பு நேரும் வேளையில் பொருளில் காப்பீட்டு நலன் உடையவரே இழப்பீடு கோர முடியும்.