கீவா

அயர்லாந்தின் மரபுவழிப் பெண் பெயர். அல்ஸ்டர் பகுதியில் ‘கீவா’ என்றும் தெற்கே பெரும்பாலும் ‘க்வீவா’ என்றும் ஒலிக்கும். ஐரிஷில் இதை எழுத 7 எழுத்துகள்: சி, ஏ, ஓ, ஐ, எம், எச், ஈ. நடுவிலுள்ள மூன்று உயிரெழுத்துகளும் சேர்ந்து ‘ஈ’ ஆகின்றன. ‘எம்’மை ‘எச்’ தொடர்ந்தால் ‘வ்’. அடிநாக்கை உயர்த்திச் சொல்லும் வல்லின ககரம் ‘ஈ’யை நோக்கி நகரும்போது இடையில் மெல்லிய வகரம் பிறக்கிறது; ‘க்வீவா’வின் தோற்றம் அதுவே. இரண்டுமே சரியான ஒலிப்புகள். ஒன்றைப் பிழை என்பது வட்டார வழக்கை மதியாமை.

பொருளிலும் கருத்து வேறுபாடு உண்டு: மென்மை, அழகு, அருமை. வேர்ச்சொல்லான பழைய ஐரிஷ் உரிச்சொல் இம்மூன்றையும் தாங்கும். கிளெண்டலாக் மடத்தை நிறுவிய புனித கெவினின் பெயரும் அவ்வேரிலிருந்து வந்ததே.