மோடின் கையில் இருந்த இலக்கம்

'ஹரோல்ட் அன்ட் மோட்' திரைப்படத்தை ஊடகக் கற்கைகள் வகுப்பில்தான் முதலில் பார்த்தேன். சாவை விளையாட்டாக்கித் திரியும் ஒரு பெடியனும் எண்பது வயதை எட்டப்போகும் ஒரு கிழவியும் காதலிக்கும் கதை என்றதும் வகுப்பே சிரித்தது. சாவைப் பற்றிய பகிடி எனக்குப் பிடிக்கவில்லை. பாதியில் எழுந்து போகத்தான் இருந்தேன்.

1971 டிசெம்பரில் வெளிவந்த அமெரிக்கப் படம் இது. இயக்கியவர் ஹால் அஷ்பி. திரைக்கதையை எழுதிய கொலின் ஹிக்கின்ஸ் அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமா மாணவர். பாடல்கள் கட் ஸ்டீவன்ஸினுடையவை.

ஹரோல்ட் பணக்கார வீட்டுப் பிள்ளை. தாய் அவனுக்குப் பெண் தேட ஒரு விண்ணப்பப் படிவம் எடுக்கிறாள். கேள்விகளை வாசித்து, விடைகளையும் தானே எழுதிவிடுகிறாள். அவள் வாங்கிக்கொடுத்த ஜாகுவார் காரை அவன் சவவண்டியாக மாற்றுகிறான். அவள் கண்முன்னே திரும்பத் திரும்பச் செத்ததுபோல நடிக்கிறான். ஏன் என்று மோடுக்கு மட்டும் சொல்கிறான். பாடசாலை ஆய்வுகூடத்தில் வெடிப்பு நேர்ந்தபோது அவன் இறந்துவிட்டதாகப் பொலிஸார் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். ஒளிந்து நின்று பார்த்தவன், தாய் மயங்கி விழுவதைக் கண்டான். இறந்திருப்பது அன்றுதான் பிடித்துப்போனதாம். சொல்லிவிட்டு அழுகிறான். நானும் அந்த இடத்தில்தான் கதிரையில் அமைதியாக இருந்தேன்.

முன்பின் தெரியாதவர்களின் செத்தவீடுகளுக்குப் போகும் பழக்கம் இருவருக்கும் உண்டு. அங்கேதான் சந்திக்கிறார்கள். மோட் மற்றவர்களின் கார்களை எடுத்து ஓட்டுவாள். நகரத் தெருவில் வாடிநிற்கும் மரத்தைக் கிளப்பிக் காட்டில் கொண்டுபோய் நடுவாள். ஒரு பூவெளியில் நின்று, எல்லாம் ஒரேமாதிரித் தெரியும் பூக்களில் ஒவ்வொன்றும் வேறு என்று அவனுக்குக் காட்டுகிறாள். அடுத்து கமரா பின்வாங்குகிறது: இராணுவ மயானம், கண்ணுக்கெட்டிய தூரமும் ஒரே அளவு வெள்ளைக் கற்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஹரோல்டைப் படையில் சேர்க்க ஒற்றைக் கையுடைய ஜெனரல் மாமா ஒருவரும் காத்திருக்கிறார்.

நான் சொல்லவந்த காட்சி வேறு. மாலை வெயிலில் தண்ணீர்க் கரையில் இருவரும் இருக்கிறார்கள். ஹரோல்ட் அவள் கையைப் பிடிக்கிறான். கையில் பச்சை குத்திய இலக்கம் ஒன்று தெரிகிறது. ஒரு செக்கன்தான். அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாசிகளின் முகாம்களில் கைதிகளின் உடலில் இலக்கம் பச்சை குத்தப்பட்டது அவுஷ்விட்ஸில் மட்டுமே. படத்தில் அந்தப் பெயரே வருவதில்லை. பழைய நினைவுக் காட்சி, அழுகுரல், சோக இசை ஒன்றும் இல்லை. முதல் தடவை நான் அதைக் காணவேயில்லை. பக்கத்தில் இருந்த தோழிதான் சொன்னாள்.

சில வருடங்களுக்குப் பிறகு வன்னியில் செவ்வி எடுக்கப்போன வீட்டில், ஷெல் காயத் தழும்பைக் கமராவுக்குக் காட்டும்படி ஓர் அம்மாவிடம் கேட்டேன். ஒன்றும் பேசாமல் சேலையை விலக்கிக் காட்டினார். அந்தக் காணொளியை யாருக்கும் கொடுக்கவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை. அன்று இரவு இந்தப் படத்தைத் தேடிப்பிடித்து மறுபடி பார்த்தேன்.

குறைகளும் உண்டு. தாய் பார்த்துக் கொண்டுவரும் பெண்கள் வெறும் கேலிச்சித்திரங்கள். எண்பதாவது பிறந்தநாளில் மோட் தன் உயிர் பற்றி எடுக்கும் முடிவை என்னால் இன்றுவரை ஏற்கமுடியவில்லை. அவ்வளவையும் தாண்டி வந்தவள் அல்லவா? ஆனால் 75 வயது ரூத் கோர்டனின் குறும்பும் பட் கோர்ட்டின் வெளிறிய முகமும் மனதில் நிற்கும்.

வெளியானபோது படம் படுதோல்வி. பிறகு மினசோட்டா மாநிலத்தில் ஒரு திரையரங்கில் இரண்டு வருடங்களுக்கு மேல் ஓடியது. 1997இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

பார்க்க விரும்புவோருக்கு ஒன்று: ஹரோல்டின் பொய்ச்சாவு முதல் காட்சியிலேயே வருகிறது. அப்படியோர் இழப்பு நேர்ந்த வீடென்றால் தனியே இருந்து பார்க்கவேண்டாம்.