பீங்கான் பல்லின் மேற்பூச்சு

அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் நீங்கள் பாடநூல்களிற் படித்து வருகின்றீர்கள். இன்று நான் சொல்லப் புகுவது ஒரு சிறு பொருளின் வரலாறு. வாய்க்குள்ளே அடங்கும் பீங்கான் பல்லையே குறிப்பிடுகின்றேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பல்லிழந்த செல்வர்கள் நீர்யானைத் தந்தத்திற் செதுக்கிய பற்களை அணிந்தனர். சிலர் இறந்தோர் வாயினின்று பிடுங்கிய பற்களையே பொருத்திக்கொண்டனர். 1815ஆம் ஆண்டு வாட்டர்லூப் போர்க்களத்தில் மாண்ட இளம் வீரர்களின் பற்களும் விலைக்குப் போயின. 'வாட்டர்லூப் பற்கள்' என்னும் பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. ஏழைகள் தம் பற்களை விற்றதும் உண்டு. ஒருவன் வாய் நிறைய மற்றொருவன் வாய் வெறுமையாயிற்று என்பதை நினைக்கவே நெஞ்சம் கூசுகின்றது.

பாரிஸ் நகருக்கு அருகில் அலெக்சி டுஷாட்டோ என்ற மருந்து வணிகர் இருந்தார். அவர் அணிந்திருந்த தந்தப் பல்வரிசை, அவர் கலக்கிய மருந்துகளின் நாற்றத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. பீங்கான் எதனையும் உறிஞ்சாதே என்று எண்ணிய அவர், 1774ஆம் ஆண்டு ஒரு பீங்கான் தொழிற்சாலையின் உதவியை நாடினார். சூளையில் இட்ட மண் சுருங்கியது; அளவு பொருந்தவில்லை. பின்னர் டுபுவா டெ ஷெமான் என்ற பல் மருத்துவர் இம்முறையைத் திருத்தி, 1788ஆம் ஆண்டு அதனைப்பற்றி நூல் வெளியிட்டு, அரசரின் காப்புரிமையும் பெற்றார். டுஷாட்டோ வழக்காடித் தோற்றார். உழைப்பு இருவருடையது, உரிமை மட்டும் ஒருவருடையதாயிற்று என்பதே என் கருத்து. பிரெஞ்சுப் புரட்சியின்போது ஷெமான் இங்கிலாந்துக்கு ஓடிச் சென்று, அங்கே தொழிலைத் தொடர்ந்தார்.

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் சார்லஸ் லாண்ட் என்ற மருத்துவர், தேய்ந்த பல்லின்மேல் சட்டை மாட்டுவதுபோல் மாட்டும் பீங்கான் உறையை உருவாக்கினார். 1927ஆம் ஆண்டு அட்லாண்டிக் மாகடலைத் தனியே விமானத்திற் கடந்த லிண்ட்பர்க் இவருடைய மகள்வழிப் பேரரே. பல்லின் வார்ப்பின்மேல் மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் படியவைத்து, அதன்மேல் பீங்கான் தூளைக் குழைத்து அப்பிச் சுட்டு, பிறகு தகட்டை உரித்தெடுப்பது அவர் கையாண்ட முறை. உறை அழகாக இருந்தது. ஆனால் வன்மையாகக் கடித்தால் உடைந்தது.

ஏன் உடைந்தது? விடை பல் மருத்துவமனையிலன்று, விமான ஆய்வுக்கூடத்திற் கிடைத்தது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் பணியாற்றிய கிரிஃபித் என்ற பொறியியலறிஞர், 1921ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரையில், கண்ணாடி தன் இயல்பான வலிமையை இழப்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களே காரணம் என்று நிறுவினார். இழுவிசை அக்கீறலின் முனையில் வந்து குவிகின்றது; கீறல் வளர்ந்து பொருள் பிளக்கின்றது. அவர் இழுத்த மிக மெல்லிய கண்ணாடி இழை, ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடிக் கம்பியைவிட ஏறத்தாழ 20 மடங்கு வலிமை காட்டிற்று. கண்ணாடிக் கடைக்காரர் வைர முனையால் ஒரு கோடு கிழித்துவிட்டு, மெல்லத் தட்டியே கண்ணாடியை இரண்டாக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் அறிந்து செய்யும் அதே வேலையை நுண்கீறல் நாம் அறியாமற் செய்கின்றது. பீங்கானும் கண்ணாடியின் இனமேயாதலால் அதற்கும் இவ்விதி பொருந்தும்.

கீறலை முற்றும் ஒழித்தல் இயலாது. ஆயின் அதன் வாயை இறுக மூடி வைக்கலாம். 1660ஆம் ஆண்டளவில் ரூப்பர்ட் இளவரசர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கண்ணாடித் துளிகள் இதற்குச் சான்று. உருகிய கண்ணாடியைக் குளிர்ந்த நீரிற் சொட்டவிட்டால் வாலுள்ள துளி உண்டாகும். அதன் தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் முழுவதும் தூளாகும். வெளித்தோல் முதலிற் குளிர்ந்து இறுகிவிடுகின்றது. உட்பகுதி பின்னர்க் குளிர்ந்து சுருங்கும்போது அத்தோலை அமுக்குகின்றது. அமுக்கத்திலுள்ள தோலில் கீறல் திறவாது. (இதனை வீட்டிற் செய்து பார்க்க வேண்டா, தூள் கண்ணில் தெறிக்கும்.)

பல் உறையின் மேற்பூச்சும் இவ்வழியே செல்கின்றது. உட்பீங்கானைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும் மெருகை மேலே பூசிச் சுட்டால், ஆறும்போது அம்மெருகு அமுக்கத்துக்கு உள்ளாகும். மெருகு மிகுதியாகச் சுருங்குமாயின் விளைவு நேர்மாறு. பழைய தேநீர்க் கோப்பையிற் காணும் வலைப்பின்னல் போன்ற வெடிப்புகள் அவ்வாறு வந்தவை. மற்றொரு வழி, பொட்டாசியம் உப்பைக் குழம்பாகப் பூசிச் சூடேற்றுவது. பீங்கானிலுள்ள சோடியம் அயனி வெளியேற, அதனினும் பருத்த பொட்டாசியம் அயனி அவ்விடத்தில் நுழைந்து நெருக்குகின்றது. நெரிசலான பேருந்தில், இறங்கிய சிறுவனின் இடத்தில் பெரியவர் ஒருவர் ஏறி நின்றாற்போல என்க. நெருக்கமுறும் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் இராது.

எந்தப் பக்கத்திற் பூசுவது என்பது முக்கியமான வினா. கடிக்கும் விசை மேலே விழுந்தாலும், உறை வளைவதால் இழுவிசை பெரும்பாலும் உட்புறத்திலேயே தோன்றுகின்றது. வெடிப்பும் அங்கிருந்தே கிளம்புகின்றது. இலண்டன் பல் மருத்துவர் ஜான் மெக்லீன் 1965ஆம் ஆண்டு ஹியூஸ் என்பவருடன் சேர்ந்து அலுமினாப் படிகங்கள் கலந்த வலிய பீங்கானை உருவாக்கியவர். 1976ஆம் ஆண்டு அவரும் ஸ்கெட் என்பவரும், பிளாட்டினத் தகட்டின்மேல் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சிட்டு, அதனை உரிக்காமல் உள்ளேயே விட்டுவிடும் முறையை வெளியிட்டனர். வெள்ளீய ஆக்சைடு தகட்டையும் பீங்கானையும் பிணைத்தது. உட்புறக் கீறல்கள் திறக்க வழியின்றிப் போயின. லாண்ட் உரித்தெறிந்த தகட்டையே இவர்கள் துணையாக்கிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1983ஆம் ஆண்டளவில் வந்த முறை மேலும் வியப்பானது. உட்புறத்தை ஹைட்ரோபுளூரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் பூசி, பிசினால் பல்லோடு ஒட்டினர். அரித்தால் வலிமை குறையுமே என்று நீங்கள் கேட்கலாம். பிசின் அக்குழிகளிற் புகுந்து கெட்டியாகிப் பல்லையும் பீங்கானையும் ஒன்றாக்குவதால், ஒட்டிய பின் உறை முன்னிலும் உறுதியாகின்றது.

இவற்றுள் மேற்புற மெருகுக்கும் அயனி அடுக்குக்கும் ஒரு பகை உண்டு. உறையைப் பொருத்திய பின் கடி சற்று உயரமாக இருந்தால், மருத்துவர் சுழலும் வைரக் கருவியால் தேய்த்துச் சரிசெய்வார். மெல்லிய அடுக்கு அப்போதே போய்விடும். புதுக் கீறல்களும் விழும். எனவே நல்ல மருத்துவர் உறையை ஒட்டுவதற்கு முன்பே கடியைச் சோதித்து, தேய்த்த இடத்துக்கு மீண்டும் மெருகேற்ற உலைக்கு அனுப்புவார். ஒட்டிய பின்னாயின் படிப்படியாக நுண்ணிய பொடிகளால் பளபளக்கும்வரை தேய்ப்பார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருப்பவருக்கு அச்சில நிமிடங்கள் நீளமாகத்தான் தோன்றும்.