விண்வெளிக் கையுறையும் வீட்டுத் தையல் மெஷினும்

விண்வெளி வீரர் போட்டுக்கொள்ளும் உடையிலேயே செய்வதற்கு மிகவும் கஷ்டமான பகுதி எது தெரியுமா? நான் ஹெல்மெட் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம், கையுறை!

காரணம் சுலபம்தான். ஒரு சைக்கிள் ட்யூபில் நன்றாகக் காற்றடித்து, பிறகு அதை மடக்கிப் பாருங்கள். கையை விட்டதும் பழையபடி விறைத்துக்கொள்ளும். வீரரின் கையுறையும் அப்படித்தான். வெளியே வெற்றிடம், உள்ளே காற்றழுத்தம். ஒவ்வொரு தடவை விரலை மடக்கும்போதும் அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அதுவும் ஆறேழு மணி நேரம். (மூன்று மணி நேரப் பரீட்சைக்கே நமக்குக் கை கழன்று விடுகிறது!)

முதல் ஆளுக்கே இந்தத் தொல்லை வந்தது. 1965 மார்ச் 18 அன்று விண்கலத்தை விட்டு வெளியே மிதந்த அலெக்ஸி லியோனோவின் உடை உப்பிப்போய், விரல்கள் கையுறையின் நுனியை விட்டு நழுவிவிட்டன. உடையிலிருந்த காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்ட பிறகுதான் அவரால் உள்ளே வர முடிந்தது.

நிலவுக்குப் போனவர்களின் உடையைத் தைத்தது ஐ.எல்.சி. என்ற அமெரிக்கக் கம்பெனி. பிளேடெக்ஸ் பிரா செய்த அதே கம்பெனிதான், சிரிக்காதீர்கள்! ஒவ்வொரு வீரரின் கையையும் அச்செடுத்து, அந்த அளவுக்கு ரப்பர் உறை வார்த்தார்கள். அதற்கு மேல் உலோக இழையில் நெய்த குரோமெல்-ஆர் துணி. தொட்டால் தெரிய வேண்டுமே என்று விரல் நுனியில் மட்டும் சிலிகோன் ரப்பர்.

இவ்வளவு செய்தும் வலி போகவில்லை. 1971இல் அப்பல்லோ 15இல் போன டேவிட் ஸ்காட், பொருட்களைத் தொடும் உணர்வு நன்றாக இருக்கட்டும் என்று விரல் நுனி முட்டும் அளவுக்குக் கையுறையை இறுக்கமாக வைத்துக்கொண்டார். நிலவில் வேலை செய்யச் செய்ய நகங்கள் சதையை விட்டு விலகி, அடியில் ரத்தம் கட்டிவிட்டது. கூடப் போன ஜேம்ஸ் இர்வின் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு சமாளித்தார். நகம் கழலும் இந்தப் பிரச்சினை இன்றும் தீர்ந்தபாடில்லை. கை அகலமானவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்று 2010இல் எம்.ஐ.டி. ஆய்வு ஒன்று சொன்னது.

வலி மட்டுமா? 1991இல் ஒரு ஷட்டில் பயணத்தில் உள்ளங்கைப் பக்கம் இருந்த சிறு உலோகப் பட்டை நகர்ந்து, கையுறையின் காற்றுப் பையைக் குத்திவிட்டது. ஓட்டையை வீரரின் தோலே அடைத்துக்கொண்டதால் அப்போது யாருக்கும் தெரியவில்லை! 1993இல் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் பயிற்சி எடுத்த ஸ்டோரி மஸ்க்ரேவுக்கு, தரையிலிருந்த குளிர் அறையிலேயே விரல்கள் பனியால் பாதிக்கப்பட்டன. பிறகு வந்த கையுறைகளில் விரல் நுனிக்கு பேட்டரி ஹீட்டர் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் பீட்டர் ஹோமர். யார் வேண்டுமானாலும் நல்ல கையுறை செய்து காட்டலாம் என்று நாசா ஒரு போட்டி வைத்தது. வேலை இல்லாமல் இருந்த இந்த எஞ்சினியர், மெயின் மாநிலத்தில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தைத்துத் தைத்துப் பார்த்தார். 2007 மே மாதம் இரண்டு லட்சம் டாலர் பரிசு அவருக்கு!

அந்தப் போட்டிக்கு உள் அடுக்குகள் இருந்தால் போதும். வெளி அடுக்கும் சாதாரண விஷயமில்லை என்பதை அதே வருடம் ஆகஸ்டில் பார்த்தோம். விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்த ரிக் மாஸ்ட்ராக்கியோவின் இடது கட்டைவிரல் உறையில் ஒரு வெட்டு. காற்று கசியவில்லை. ஆனாலும் பாதியிலேயே அவரை உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள்.

2009 போட்டியில் வெளி அடுக்கையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். அதிலும் ஹோமருக்கே முதல் பரிசு, இரண்டரை லட்சம் டாலர். இரண்டாவதாக வந்த டெட் சதர்ன், நியூயார்க்கில் விக்டோரியாஸ் சீக்ரெட் ஃபேஷன் ஷோவுக்கு இறக்கை செய்து கொடுத்தவர். ஆமாம், மறுபடியும் உள்ளாடைக் கம்பெனி :-) அவர் பிறகு விண்வெளி உடை செய்யவே தனிக் கம்பெனி தொடங்கிவிட்டார்.