சேர்வராயன் மலையின் கூரைகள்

சேலம் நகரத்திலிருந்து வடகிழக்கே நோக்கினால் வானத்தை மறித்து நிற்கும் சேர்வராயன் மலையில், காப்பிச் செடியும் துரைமார் பங்களாவும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே குடியேறியவர்களும், காஞ்சிபுரத்தைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்லிவருகிறவர்களுமான மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள், தட்டி நிறுத்தி மண் பூசிய சுவர்களின்மேல் மலைப்புல்லைக் கனமாக வேய்ந்து அதன்கீழ் வாழ்ந்தார்கள். அண்ணன் தம்பி மூவருள் மூத்தவன் சேர்வராயனிலும், நடுவன் பச்சைமலையிலும், இளையவன் கொல்லிமலையிலும் வழி பிரிந்து தங்கினார்கள் என்பது அவர்களுடைய ஐதிகம். அந்தப் புல்வேய்ந்த வீட்டை நாகரிகம் குறைந்தது என்று எண்ணியவர்கள் அதன் விசேஷ குணத்தை ஆராயாதவர்கள் என்றே சொல்லவேண்டும். புல்லின் தாள்களுக்கு இடையிலே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று, வெளியே உள்ள உஷ்ணத்தை உள்ளே விடாமலும் உள்ளே எரியும் அடுப்பின் வெதுவெதுப்பை வெளியே போகவிடாமலும் காத்து நிற்கிறது. அப்படி அடைபட்ட காற்றே வெப்பத் தடுப்புக்கு ஆதாரம். இரண்டு நூற்றாண்டு சுற்றி வந்து நவீன சிற்பிகள் கண்டடைந்திருக்கும் ரகசியமும் அதுதான்.

1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியையும் மேல்நாட்டுப் பழமரங்களையும் கொண்டுவந்து பரப்பினார். தோட்டங்கள் பெருகப் பெருக, மலைமேல் உள்ள ஏற்காட்டில் பங்களாக்களும், பண்டகசாலைகளும், கூலியாட்கள் தங்கும் லயன் வீடுகளும் பெருகின. புல்லுக்கு நெருப்பின் பயமும், சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றி வேயும் பிரயாசையும் உண்டு. மங்களூரை அடுத்த ஜெப்புவில் பாசல் மிஷனார் 1865இல் தொடங்கிய தொழிற்சாலையால் தென்னாடெங்கும் பரவிய மங்களூர் ஓடோ அழகும் நீடிப்பும் உள்ளதாயினும், கனமானது. கரடுமுரடான மலைப்பாதையில் ஏற்றிச் செல்லும்போது உடையக்கூடியது. இந்த இரண்டு சங்கடங்களுக்கும் பரிகாரமாக வந்தது நெளிவுத் தகரம். லண்டன் துறைமுகத்தின் இஞ்சினீயர் ஹென்ரி ராபின்சன் பாமர் 1829இல் இரும்புத் தகட்டை நெளித்துப் பலப்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். 1837இல் பிரெஞ்சுக்காரரான ஸ்டானிஸ்லாஸ் சொரல், அத்தகட்டுக்குத் துத்தநாக முலாம் பூசித் துருவைத் தடுக்கும் வழியை நிலைநாட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஏற்றிச் செல்லத்தக்க அந்தத் தகடுகள், உலகத்தின் தோட்டப் பிரதேசங்கள் எல்லாவற்றையும் போலவே தென்னிந்திய மலைகளையும் வந்தடைந்தன.

தகரம் ஸ்திரத்தைக் கொடுத்தது; சுகத்தை எடுத்துக்கொண்டது. இரும்பு வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும் வஸ்து. பங்களாக்காரர் தகரத்தின்கீழ் மரப்பலகையால் உட்கூரை அடித்துத் தப்பித்துக்கொள்ளலாம்; அந்த வசதியில்லாத லயன் வீட்டிலோ பகல் வெயில் நேரே தலைமேல் இறங்கும், குளிர்கால இரவில் மூச்சின் ஈரம் தகட்டின் உட்புறத்தில் துளிர்த்துப் படுத்திருப்பவர்மேல் சொட்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கின்ற ஒரு மலையில், மழை விழும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சும் காதில் ஏறாது. மலைப்பயிரின் வரலாற்றை எழுதியவர்கள் விளைச்சலையும் விலையையும் குறித்தார்களேயன்றி, அப்பயிரைக் காத்தவர்கள் எத்தகைய கூரையின்கீழ் உறங்கினார்கள் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை என்பதே என் வருத்தம். பின்னாளில் வந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சூட்டையும் இரைச்சலையும் சற்றே தணித்தது. அதன் நுண்ணிய இழைகள் சுவாசப் பையில் புகுந்து செய்யும் தீங்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது.

இந்தச் சங்கடங்களுக்குப் பின்னாளில் வந்த பரிகாரத்தின் வேரை அறிய, இவ்விடத்தில் மலையைவிட்டுச் சற்றே இறங்கிக் கஞ்சமலைக்குப் போகவேண்டும். சேலத்தின் மறுபக்கத்தில் உள்ள அம்மலையின் காந்தக்கல் தாதிலிருந்து இரும்பு எடுக்கும் தொழில் மிகப் பழமையானது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு இத்தொழிலில் இறங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையை நிறுவி, சேலத்துத் தாதை அங்கே கொண்டுபோய் மரக்கரியால் உருக்கினார். உருகிய இரும்பின் தரம் உயர்வானதே. கரிக்காகக் காடுகளை நம்பியிருந்ததும், தாது இருக்குமிடம் ஆலையிலிருந்து தொலைவில் இருந்ததும் அம்முயற்சியை நலிவித்தன. இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகு உருக்கும்போது மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றார். அம்முறையால் ஷெபீல்டு உற்பத்தியாளர்கள் பெரும் லாபம் அடைய, அவரோ வழக்காடி வழக்காடி 1851இல் காலமானார்.

அந்தப் பரங்கிப்பேட்டை இரும்பு, வேல்ஸ் நாட்டில் மெனாய் ஜலசந்தியின்மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டி 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் உபயோகப்பட்டதாகச் சரித்திர நூல்கள் சொல்லி வருகின்றன. பாலத்துக்கான பரிசோதனைகளை நடத்திய வில்லியம் பேர்பெய்ர்ன் 1849இல் வெளியிட்ட நூலிலிருந்தே, இரண்டு உலோகத் தோல்களை இடைவெளிவிட்டு நிறுத்தி நடுவிலே லேசான பொருளைப் பொருத்தினால் குறைந்த எடையில் மிகுந்த விறைப்புக் கிடைக்கும் என்னும் தத்துவத்தின் எழுத்து வரலாற்றைப் பொறியியல் ஆசிரியர்கள் தொடங்குகிறார்கள். கஞ்சமலைத் தாதின் புகழும் அத்தத்துவத்தின் பிறப்பும் ஒரே பாலத்தின் சரித்திரத்தில் சந்திக்கின்றன என்பது சேலத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி.

அத்தத்துவம் வீட்டுக் கூரையாக உருவெடுக்க ரசாயன சாஸ்திரத்தின் துணை தேவைப்பட்டது. ஜெர்மனியில் ஓட்டோ பாயர் 1937இல் பாலியூரித்தேன் என்னும் பொருளைக் கண்டார். இரண்டு திரவங்கள் கலந்த மாத்திரத்தில் நுரைத்துப் பொங்கி, கோடிக்கணக்கான நுண்ணறைகள் கொண்ட கெட்டிப் பொருளாக அது உறைந்துவிடுகிறது. இன்று ஜனங்கள் பஃப் பேனல் என்று வழங்குவது இந்நுரையை நடுவில் வைத்த எஃகுப் பலகையையே. ஆலையில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள வர்ணத் தகட்டின் சுருள்கள் இரண்டு, மேலொன்றும் கீழொன்றுமாக அவிழ்ந்து, உருளைகளினூடே வரிவடிவம் பெற்று நகர்ந்துவர, இடையே ஊற்றப்படும் கலவை பொங்கி இரு தகடுகளையும் தானே பற்றிக்கொள்கிறது. மேலும் கீழும் ஓடும் பட்டைகள் அதை அழுத்திப் பிடித்துக் குறித்த கனத்தில் உறையவைக்க, கூடவே ஓடும் வாள் ஒன்று ஓட்டத்தை நிறுத்தாமலே வேண்டிய நீளத்துக்கு அறுத்துத் தள்ளுகிறது. 50 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவை ஒட்டியே நிறுக்கும். ஓட்டுக் கூரையின் பாரத்தில் அது நான்கிலொரு பங்கு இருக்கலாம். எஃகின் வழியே பாயும் வெப்பத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே அதே கனமுள்ள நுரையின் வழியே பாயும். மலையாளிகள் புல்லைக் கொண்டு சாதித்த காரியத்தை, தகரத்தின் உறுதியைக் கைவிடாமல் சாதித்திருப்பது இதன் பெருமை. ஆயினும் வீட்டுக்காரரே வேய்ந்து, பழுதானதை அவரே மாற்றி, கழிந்ததை மண்ணுக்கே எருவாக விடக்கூடிய குணம் புல்லுக்கு உண்டு, நுரைக்கு இல்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முன்காலத்துத் தகரத்துக்குக் கூரை ஏறிய பிறகு சிவப்போ பச்சையோ தூரிகையால் பூசினார்கள். இக்காலத்தில் சுருளாக இருக்கும்போதே கழுவி, ரசாயனத்தால் பதப்படுத்தி, அடிப்பூச்சும் மேற்பூச்சும் இட்டு, தகடு 220 டிகிரிக்குமேல் சூடேறும்படி அரை நிமிஷ அளவில் சுட்டெடுக்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் ஜன்னல் மறைப்புப் பட்டைகளுக்காகப் பிறந்த முறை இது. பூச்சின் அடியில் பலபோது துத்தநாகத்தோடு அலுமினியம் 55 சதவீதம் சேர்ந்த முலாம் இருக்கும். அலுமினியத்தின் மூலமான பாக்சைட்டைச் சேர்வராயன் மலையே சுமந்திருப்பதும், மேட்டூரில் 1960களில் தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனி அதை வெட்டியெடுத்து உருக்கியதும் பலர் அறிந்ததே; அதனால் மலையின் மேனியில் விழுந்த வடுக்களையும் அறிவோம். கஞ்சமலையடியில் 1970இல் இந்திரா காந்தி அம்மையார் அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை, 1980களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்துவருகிறது. ஆனால் அது கஞ்சமலைத் தாதைக் கொண்டு செய்வதன்று. பழமும் பாலும் மீனும் காக்கும் குளிர் அறைகளில், வர்ணத் தகட்டுக்குப் பதிலாக அவ்வகை எஃகையே பலகைக்கு முகமாக வைப்பதும் உண்டு.

மலைமேல் பஃப் பேனல் கொண்டு வீடு கட்ட விரும்புகிறவர் கவனிக்கவேண்டியவை சில. ஆலையில் எவ்வளவு நீளத்துக்கும் பலகை அறுக்கலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில் நீண்ட வண்டி திரும்புவது எளிதன்று. ஆகையால் குறுகிய பலகைகளை வருவித்து, மேற்பலகை கீழ்ப்பலகைமேல் நன்றாக ஏறும்படி வைத்து, இணைப்பில் நீர் புகாத பசையிட்டு முடுக்கவேண்டியிருக்கிறது. பாலியூரித்தேன் தீப்பற்றும் பொருள். சமையலறைக்கு அருகில் பாறைக் கம்பளி வைத்த பலகை உத்தமம். நுரையை எழுப்பச் சேர்க்கும் வாயுக்களுள் ஓசோன் படலத்தைக் கெடுத்த எச்.சி.எஃப்.சி. 141பி, 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் விலக்கப்பட்டுவிட்டதால், எந்த வாயுவால் செய்தது என்று விற்பவரைக் கேட்பதில் தவறில்லை. அறுத்த விளிம்புகளுக்கு அன்றைக்கே வர்ணம் தடவிவிடவேண்டும். துரு முதலில் தொடங்குவது அங்கேதான்.